சத்தத்துக்குப் போட்ட பஞ்சு

வேனின் சுவரில் எங்கே தட்டினாலும் ‘டங்’ என்று வரவேண்டிய சத்தம் வரவில்லை. நனைந்த தலையணையை அடித்த மாதிரி ‘தொப்’ என்றது.

தையல்காரி மறுபடி தட்டிப் பார்த்தாள். படுக்கையோடு கிடந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடம் எல்லாம் செய்தவள் அவள். அம்மா போன மறுமாதமே வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட தம்பி, “நீ ஒண்டிக்கட்டைதானேக்கா? இதையே வீடா மாத்திக்க. போற எடமெல்லாம் உன் வாசல்தான்” என்று இந்தப் பழைய சரக்கு வேனைக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தினான். யாரிடம் வாங்கினான் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினான். அவளும் வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் அவள் வற்புறுத்தி நடந்தது எதுவுமில்லை.

வெயில் உள்ளே இறங்காமலிருக்கச் சுவருக்குள் என்ன வைத்து அடைப்பது என்று கேட்கத்தான் ஃபோம் கடைக்காரரை வரச் சொல்லியிருந்தாள். அவர் மாதிரித் துண்டுகளைத் தரையில் பரப்பினார்.

“கண்ணாடிப் பஞ்சு வேணாங்கக்கா. வண்டி குலுங்கக் குலுங்க உதிரும், மூச்சுல போகும். தெர்மகோல் கிரீச் கிரீச்னு உயிர வாங்கும். ஃபோம் ஷீட் போடுங்க, நிம்மதியாத் தூங்கலாம்.”

“உள்ள ஏற்கெனவே என்னமோ இருக்கு போலிருக்கே?”

அவர் ஓரத்துப் பிளைவுட்டில் நாலு திருகைக் கழற்றி, பலகையை நெம்பி டார்ச் அடித்தார். பஞ்சும் பழந்துணியும் இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தன. ஜன்னல் திறக்காத நோயாளி அறையின் வாடை மெல்ல எழுந்து வந்து அவள் முகத்தில் படிந்தது. அவர் எழுந்து, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த தடுப்பைத் தட்டினார். அதுவும் ‘தொப்’.

“வெயிலுக்குன்னா இந்தத் தடுப்ப எதுக்குக்கா அடைக்கணும்? இங்க வெயிலே படாதே.” அவர் குரல் இறங்கியது. “இது சத்தத்துக்குப் போட்டது.”

“என்ன சத்தம்?”

அவர் துண்டுகளை அள்ளினார். “அளவு டேப்ப மறந்துட்டேன். எடுத்துட்டு வந்துர்றேன்.”

டேப் அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பழசைப் பிடுங்கிப் போட்டால்தானே புதுசு வைக்க முடியும் என்று அவள் தனியாகவே இழுக்கத் தொடங்கினாள். பஞ்சுக்கு நடுவே ஒரு சட்டைக் கை வந்தது. பிறகு ஒரு நைட்டி. பிறகு அரைப்பாவாடை. துணியைத் தொட்டாலே அளவு சொல்லிவிடும் விரல்கள் அவளுடையவை. முப்பத்திரண்டு. நாற்பது. முப்பத்தாறு. வேறு வேறு பெண்கள். எல்லாத் துணியின் ஓரத்திலும் வரிசையாகப் பல் தடம். வாய்க்குள் வைத்து அழுத்திய தடம்.

வேனின் பின்கதவு மூடிக்கொண்டது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தம்பி. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தான்.

“டேய்! உள்ள இருக்கேன்டா!”

ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். அவள் வாய் அசைவதைப் பார்த்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். முன்பக்கம் போனான். வண்டி முன்னால் அழுந்தியது. இன்ஜின் உறுமியது.

தடுப்பை அடித்தாள். இரண்டு கையாலும். முழங்கையால். தொப். தொப். தொப்.

வண்டி நகர்ந்தது.

“டேய், நான் உன் அக்காடா!”

“கத்தாதம்மா.”

பின்னாலிருந்து. சுவருக்குள்ளிருந்து. கத்திக் கத்தித் தேய்ந்துபோன ஒரு பெண் குரல்.

“அவனுக்குக் கேக்காது.”

அவள் திரும்பினாள். நாலு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பலகைச் சந்திலிருந்து ஒரு கை வெளியே வந்து பலகையின் விளிம்பைப் பற்றியது. அதற்குக் கீழே இன்னொரு கை, வேறொருத்தியுடையது. அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றும் சேர்ந்து, ஒரு ஆள் நுழையுமளவுக்கு, பலகையை மெதுவாக விலக்கிப் பிடித்தன.