ஆறாத டப்பா

அன்று மதியம் ஷெட்டில் இருந்தவர்கள் நால்வர். ஜெயபாலாகிய நான். என் தம்பி கிறிஸ்துதாஸின் மனைவி தெரசா. முதலாளி லோகநாதன். உலையைப் பார்த்துக்கொள்ளும் வேம்புலி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

1994, ஐப்பசி. அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசி வரிசை. வெளியே மழை, கரண்ட் இல்லை. தம்பியை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் சாமான்களை வாங்கிப்போக வந்திருந்தோம்.

நிக்கல், இரும்பு, கோபால்ட், குரோமியம் எனப் பல தூள்களை எஃகுக் குண்டுகளோடு டப்பாவில் அடைத்து, நாள்கணக்கில் மில்லில் சுழற்றுவது அவன் வேலை. குண்டுகள் தூளை நசுக்கும், ஒட்டவைக்கும், உடைத்து மறுபடி ஒட்டவைக்கும். கடைசியில் எது நிக்கல், எது இரும்பு என்று சொல்ல முடியாது. பிறகு உலைக்குப் போகும்.

"அரைச்சா எல்லாம் ஒண்ணாயிடும்ணே. சூடு காட்டினாத்தான் உள்ளேர்ந்து என்ன பிரிஞ்சு வருதுன்னு தெரியும்" என்பான்.

அரைத்த தூள் சூட்டோடு காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் திறக்குமுன் மூடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். விரல் முட்டியால் தட்டி, "ஆறிட்டியா?" என்று கேட்பான். ஷெட்டே சிரிக்கும்.

அப்படிப்பட்டவன் டப்பாவைத் திறந்தபோது பற்றிய தீயில் செத்தான். குடித்துவிட்டுத் திறந்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார் லோகநாதன். எங்கள் குடும்பத்தில் குடித்தவன் கிடையாது. அந்தச் சொல்லை அவரைத் திரும்பப் பெறவைக்கத்தான் போனேன். அவன் சட்டைகளுக்காக அல்ல.

"போதைல தொறந்துட்டாரு. நான் இன்னா பண்றது?" என்றார் லோகநாதன்.

"அண்ணாத்தே டீயவே ஆற வெச்சுதான் சார் குடிப்பாரு," என்றார் வேம்புலி.

"நீ சும்மா கெட."

தம்பி செத்த அன்று அரைத்த இன்னொரு டப்பா, திறக்கப்படாமல், மேசைமேல் இருந்தது. உள்ளே இருக்கும் குண்டுகளாவது மிஞ்சட்டும் என்று முணுமுணுத்தபடி லோகநாதன் ஸ்பேனரை எடுத்தார்.

டக்.

மழை என்று நினைத்தேன்.

டக். டக்.

உள்ளிருந்து.

சுட்ட இரும்பின் வாடை எழுந்தது. உலையோ ஒரு மாதமாக எரியவில்லை. கூரையிலிருந்து ஒழுகிய ஒரு சொட்டு மூடிமேல் விழுந்து, சுர்ரென்று ஆவியானது. தெரசா என் கையை இறுகப் பற்றினாள்.

நான் சிறுவயது முதல் கேட்ட குரல், மிகத் தணிந்து வந்தது.

"ஆறல சார்."

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"அன்னிக்கும் இத்தான் சொன்னான்," லோகநாதனுக்கு மூச்சு வாங்கியது. "சாம்பிள் எடுக்க வண்டி வந்து நின்னுகினு இருந்துச்சு. நான்தான்... தொறடான்னு கத்தினேன்."

தெரசா அழவில்லை. "இத வெளியில சொல்லுங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எல்லோரும் கேட்கும்படி லோகநாதன் அதைச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

தெரசா தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். திருநின்றவூர் வீட்டில் இப்போது நானும், திறக்காமலே வாங்கிவந்த அந்த டப்பாவும்தான். விளக்கேற்றியதும் மூடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன்.

ஜெயபால் வீட்டில் ஒரு டப்பா தானாகச் சுற்றுகிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பொய். அது ஒருநாளும் சுற்றியதில்லை. நான் கேட்டால் மட்டும் பதில் சொல்கிறது.