பதக்கத்தின் பின்புறம்

செவ்வாய்க்கிழமை காலைத் தேநீரில் ரப்பர் வாடை அடித்தது. ஹொரேஸ் பிம்லட் கோப்பையை முகர்ந்தார், பாலை முகர்ந்தார், கெண்டியின் மூடியைத் திறந்து அதையும் முகர்ந்து பார்த்தார். எதிலும் குறை இல்லை. ஆனால் ஒரு வாய் உள்ளே போனதும், பலமுறை வெந்நீரில் கொதித்துத் தடித்துப்போன பழைய ரப்பர்க் குழாயின் வாடை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கப் பார்த்தார். தொண்டை மறுத்தது. வலி இல்லை, அடைப்பு இல்லை. உள்ளே இருந்து யாரோ கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டது போல மறுத்தது.

"என்ன துரை, என் கையால டீ குடிக்கிறதில்லைன்னு சபதமா?" என்றாள் அவர் மனைவி மேவிஸ்.

"சூடு ஜாஸ்தி" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்.

ஹேஸ்டிங்ஸ் நகரில், கடற்கரைக்குப் பின்னால் இருந்த சரிவான தெருவின் கோடியில், முப்பது ஆண்டுகளாகப் பழைய நகைக் கடை நடத்திவந்தவர் அவர். நகையைக் கல் விற்பதில்லை, கதைதான் விற்கிறது என்பது அந்த முப்பது ஆண்டுகளில் அவர் கற்ற பாடம். அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுச் சிறை சென்ற பெண்களின் கொடி நிறங்கள் ஊதா, வெள்ளை, பச்சை. சட்டையில் குத்தும் எந்தப் பழைய மார்பூசியிலாவது அந்த மூன்று நிறக் கற்களும் தற்செயலாகச் சேர்ந்திருந்தால் போதும். குரலைத் தாழ்த்தி, "இதைப் போட்டிருந்தவங்க போராளிங்க" என்பார். வாங்குகிறவர்கள் கண்கலங்கி வாங்கிப் போவார்கள்.

திங்களன்று வந்ததோ பொய்க் கதை தேவைப்படாத பொருள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஐடா ஃபெல்டன் ஊதா நிற வெல்வெட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் திறந்து வைத்தாள். மூவண்ண நாடா, ஒவ்வொரு சிறை உண்ணாவிரதத்துக்கும் ஒன்றாக, தேதி பொறித்த வெள்ளிப் பட்டைகள், அடியில் வட்டமான வெள்ளிப் பதக்கம். பதக்கத்தின் பின்புறம் ஒரு பெயர். பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிய பட்டுத்துணியிலும் தங்க எழுத்தில் அதே பெயர்.

"எங்க பெரியம்மா, கண்ணு. சலவைக்கூடத்துல வேலை. சீமாட்டிங்க ஜெயிலுக்குப் போனா பேப்பர்ல படம் வரும். இவ போனப்போ, வேலைக்கு வரலன்னு முதலாளி சீட்டைக் கிழிச்சுட்டான், அவ்வளவுதான்" என்று ஐடா சிரித்தாள். பிறகு சிரிப்பு போயிற்று. "சாப்பிடமாட்டேன்னு இருந்தாளா, நாலாம் நாள், நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மூக்கு வழியா குழாயை விட்டு, பச்சை முட்டையும் பாலும் ஊத்தினாங்க. குழாயும் பாலும் ஏத்தின தள்ளுவண்டி அறை அறையா நின்னு நின்னு உருண்டு வருமாம். குழாயைவிட அந்தச் சத்தம்தான் கொடுமைன்னு சொல்லுவா."

"அடடா" என்றார் பிம்லட், விரல் நகத்தால் வெள்ளியின் தடிமனைச் சோதித்தபடி.

"இது மியூசியத்துல இருக்கணும். அவ பேரோட இருக்கணும். கல்லறைக்குக்கூடப் பேர் வெட்டின கல் வைக்க முடியல எங்களால. இந்த ஒரு இடத்துலதான் அவ பேர் இருக்கு."

"கண்டிப்பாங்க. என் வாக்கு."

அன்று மாலையே அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டார். லண்டனிலிருந்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வரவிருந்த சேகரிப்பாளருக்குச் சலவைக்காரி வேண்டியதில்லை. பிரபுவின் மகள் வேண்டும். சுரண்டிய இடத்தை மெருகிட்டு, ஒரு சீமாட்டியின் பெயரை அழகாகப் பொறித்தார். பெட்டியைக் கணப்பில் போட்டு எரித்தார். பழைய பெயரை எங்கும் குறித்து வைக்கவில்லை. தான் செய்த திருட்டுக்குத் தானே சாட்சி எழுதி வைப்பவர் யார்?

அன்றிரவு உணவுதான் அவர் கடைசியாக விழுங்கியது.

புதனன்று சூப்பும் இறங்கவில்லை. வியாழனன்று மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார். "ஓட்டு வேணும்னா வாயைத் திறந்து கேளேன், தந்துடுறேன்" என்று கேலி செய்த மேவிஸ், அவர் முகம் வெளுத்த விதத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி. அவர் விழுங்காத நான்காம் நாள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அந்தப் பிப்ரவரி முழுவதும் ஊருக்கு ஊர் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் மெழுகுவத்தி வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தாள். கடைக்குள் எஞ்சியிருந்த ஒற்றைச் சுடரின் முன் பிம்லட் உட்கார்ந்திருந்தார். கடல்மூட்டம் கண்ணாடியில் வந்து படிந்தது; அதோடு கார்பாலிக் சோப்பின் நெடியும், அதன் அடியில் வெதுவெதுப்பான பாலின் வாடையும் கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தன.

தெருமுனையில் ஏதோ உருண்டது.

சிறு இரும்புச் சக்கரங்கள். ஒன்று கிரீச்சிட்டது. தொப்பிக் கடை வாசலில் நின்றது. சாவிக்கொத்து குலுங்கியது. கதவு திறந்தது. சற்று நேரம் மௌனம். கதவு மூடியது. மீண்டும் உருண்டது. இப்போது ரொட்டிக் கடை வாசல்.

தெருவில் மொத்தம் ஏழு கடைகள். அவருடையது ஏழாவது.

உளியை எடுத்தார். சீமாட்டியின் பெயரைச் சுரண்டினார். பழைய பெயரைத் திரும்பப் பொறித்துவிடலாம், அவ்வளவுதானே? உளிமுனை வெள்ளியின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஐடா அந்தப் பெயரை அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தாள். முதல் எழுத்து என்ன? அவருக்கு நினைவில் இருந்ததெல்லாம் வெள்ளியின் தடிமன் மட்டுமே.

நான்காவது வாசல்.

தொலைபேசியில் ஐடா தந்திருந்த எண்ணைச் சுழற்றினார்.

"மிஸ் ஃபெல்டன்… உங்க பெரியம்மா… பேர்…" குரல் உமி அரைபடுவது போல வந்தது.

"பேரா? பதக்கத்துலயே இருக்கே கண்ணு. திருப்பிப் பாருங்க."

"எழுத்து… இல்ல."



"அறுபது வருஷமா தேயாத எழுத்து, நாலே நாள்ல எப்படித் தேஞ்சுது?"

"சொல்லுங்க… தயவுசெஞ்சு…"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? அவகிட்டயே கேளுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆறாவது வாசல். கதவு திறந்தது. மூடியது.

கிரீச்.

நின்றது.

அவர் வாசல்.

எழுந்திருக்க முயன்றார். தோளில் ஒரு கை. இன்னொரு தோளில் இன்னொரு கை. வெள்ளை மேலங்கிகள். கணுக்கால்களில் இரண்டு கைகள். ஈரமான, சோப்பு மணக்கும், பழகிய கைகள். தலை பின்னால் சாய்க்கப்பட்டது.

குழாயின் புனலைப் பிடித்திருந்தவள் சிறை அங்கியில் இருந்தாள். சலவைச் சோடாவில் வெடித்த விரல்கள். சுடர் அவள் முகத்தில் விழுந்து வழுக்கியது. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. அவர் கையாலேயே இட்ட மெருகு. வழவழவென்று, பளிச்சென்று, வெள்ளி.

"உன் பேர்…"

குனிந்தாள். அந்த வெள்ளியில் அவர் முகம்தான் தெரிந்தது.

குழாய் வந்தது. மூக்கில். உள்ளே. இன்னும் உள்ளே. முட்டை. பால். மூச்சில்லை.

அருகே இருந்த வேலை மேசையில், யாரும் தொடாமல், உளி நிமிர்ந்து நின்றது. வெற்று வெள்ளியில் நிதானமாக எழுதத் தொடங்கியது. ஹொ. ரே. ஸ். சுருள் சுருளாக வெள்ளித்தூள் விழுந்தது. பெயரை முடித்து மேலே ஏறியது. அங்கே பழைய பட்டைகள் இல்லை. புத்தம்புதிதாக ஒரே ஒரு பட்டை இருந்தது. அதில் பொறித்தது: 18 பிப்ரவரி 1972.

அந்தப் பட்டையின் கீழே, நாளைய தேதிப் பட்டையை மாட்டுவதற்கு ஒரு வளையம் திறந்திருந்தது.