விரியாத குண்டு

"என் வீட்டுக்காரர் ஒரு தடவைதாங்க சுட்டாரு. அதுவும் திருடனை. முதலாளியை இல்ல."

கிடங்குக் காவலாளியின் மனைவி துப்பறிவாளரின் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் போலீஸ் காவலில் இருந்தான். மழை மாலையில் மின்சாரம் போன நேரம், கதவைப் பூட்டிக்கொண்டிருந்த முதலாளியின் பின்னால் ஒருவன் கம்பியை ஓங்கினானாம், காவலாளி சுட்டானாம். கம்பிக்காரன் ஓடிவிட்டான். முதலாளியின் முதுகில் குண்டு; உயிர் பிழைத்துவிட்டார். திரும்பிப் பார்த்த அவருக்குத் தெரிந்தது துப்பாக்கியோடு நின்ற காவலாளி மட்டும்தான்.

"திருடன்னு ஒருத்தன் இருந்தானா அத்தான்?" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன். எல்லோரும் அவனை 'அவசரம்' என்றே அழைத்தார்கள்.

"முதல்ல குண்டைப் பார்ப்போம் மாப்ளே."

மூவரும் போலீஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அதிகாரி நல்லவர்; தம் சோதனையை நம்பியவர். சதைக்கு மாற்றாக வைக்கும் ஜெலட்டின் கட்டியைக் காட்டினார். உள்ளே ஒரு குண்டு, முனை பூவாக விரிந்து நின்றது.

"இந்த வகைக் குண்டு ஆளுக்குள்ள விரிஞ்சு நின்னுடும் சார். ஒருத்தரைத் துளைச்சு இன்னொருத்தர்மேல பாயாது. அதனால நேரா முதலாளியைத்தான் சுட்டிருக்கான்."

"முதலாளி உடம்புல இருந்தது விரிஞ்சிருந்ததா?"

அதிகாரி தயங்கினார். "இல்லை."

"அவர் போட்டிருந்தது?"

"மெல்லிசான வெள்ளைச் சட்டை."

துப்பறிவாளர் முதலாளியின் உடம்பிலிருந்து எடுத்த குண்டின் குழிந்த முனையை உருப்பெருக்கியில் பார்த்தார். கருஞ்சிவப்பு இழைகள் அடைத்திருந்தன. காவலாளியின் மனைவியைப் பார்க்கச் சொன்னார்.

"எங்க பழைய கம்பளி!" என்றாள் அவள். "வீட்டுக்காரர் கோட்டுக்கு உள்ள வச்சுத் தைச்சேன். போன வாரம் கிடங்கு கேட்டுக்கு வெளிய ஒருத்தர் நடுங்கிட்டு நின்னாருன்னு கழட்டிக் குடுத்துட்டாரு."

"கட்டி கோட்டுப் போடலையே சார்!" என்று அவசரம் துள்ளினான்.

"அதேதான். கட்டி பொய் சொல்லல, நாமதான் பாதிக் கேள்வி கேட்டோம்" என்றார் துப்பறிவாளர். "முனைக்குழியில உடம்போட ஈரம் புகுந்து அழுத்தினாத்தான் குண்டு விரியும். கம்பளி அடைச்சுக்கிட்டா விரியாது; துளைச்சிட்டுப் போயிடும். நேரா மெல்லிசு சட்டையில பட்டிருந்தா, உங்க சோதனைப்படியே விரிஞ்சிருக்கணும். நடுவுல அந்தக் கோட்டு இருந்திருக்கு."

அதிகாரி ஒரு தடித்த கம்பளியை மடித்துக் கட்டியின் முன்னால் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு விரியாமல் மறுபக்கம் வெளியேறியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரியான சமயத்துல வந்தீங்க. ஒரு நிரபராதியை மாட்ட வச்சிருப்பேன். ரொம்ப நன்றிங்க."

அவசரம் மருத்துவமனை மருத்துவமனையாக ஓடி, தோளில் கட்டுப் போட்ட ஒருவனைத் தர்ம மருத்துவமனையில் கண்டுபிடித்தான். போலீஸார் முன்னிலையில் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. "கோட்டுக் குடுத்த புண்ணியவான் போலீஸ் காவல்ல இருக்காருன்னு எனக்குத் தெரியாதுய்யா. அவரு காவல் காக்குற எடத்துக்கே போயிட்டேனே."

"குண்டு உள்ளே விரிஞ்சிருந்தா இவர் பிழைச்சிருக்க மாட்டார்" என்றார் மருத்துவர்.

விடுதலையான காவலாளி மனைவியோடு வந்து கட்டிலருகே நின்றான். கொடுத்த கோட்டு ஒரு உயிரைக் காத்து, கொடுத்தவனையும் மீட்டிருந்தது. அடிபட்டவன் கோட்டை நீட்டினான். "வச்சுக்க எனக்கு அருகதை இல்லண்ணே."

காவலாளியின் மனைவி அதை வாங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "கடவுள் புண்ணியத்துல எல்லாரும் உசுரோட இருக்கோம்" என்றாள். "ஒட்டுப் போட்டுத் தர்றேன், தம்பி. ஜெயில்ல குளிரும்."