ஏழாம் எண் நலம்

பெட்டியும் கையுமாக அவள் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். ஆனால் அவளுடைய எண் வில்லை கேட்டோரப் பலகையில் 'உள்ளே' வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அகலத் தகரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஏழு என்று எழுதியவளும் அவள்தான்.

"வாங்க சிஸ்டர்! என்ன இப்படித் துரும்பா இளைச்சுட்டீங்க!" என்று கேட்டைத் திறந்தார் காவலாளி.

"என் வில்லையை ஏன் உள்ளேயே விட்டு வச்சிருக்கீங்க?"

"அன்னிக்கு உங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடினப்போ வில்லையை யாரு பார்த்தா? அப்புறம்தான் கவனிச்சேன். அடுத்தவங்க வில்லையைத் தொடக் கூடாதே. அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். அந்த மருத்துவ முகாமில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேரும் அந்தச் சுற்றுச்சுவருக்குள்தான் தங்கியிருந்தார்கள். வெளியே போகிறவர் தன் வில்லையைத் தானே 'வெளியே' வரிசைக்கு மாற்ற வேண்டும், திரும்பினால் தானே உள்ளே போட வேண்டும். முன்பு யாரோ உதவி செய்கிறேன் பேர்வழி என்று மற்றவருடைய வில்லையை 'உள்ளே' மாற்றிவைக்க, எல்லாரும் வந்தாச்சு என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள்; அந்த மனிதர் ஒரு ராத்திரி முழுக்க வெளியே மாட்டிக்கொண்டார். அதிலிருந்துதான் இந்தச் சட்டம்.

மூன்று மாதமாகப் பலகையின் கணக்கில் அவள் ஊருக்கே போகவில்லை.

அறைக்கு நடக்கும்போதுதான் ஒரு சின்ன நெருடல். தினமும் மாலை ஆறு மணிக்கு, நாற்பது மைல் தள்ளியிருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ரேடியோக்காரர் உள்ளே இருப்பவர்களின் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். நலம் என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் தேட ஆள் அனுப்பிவிடுவார்கள். அப்படியென்றால் ஏழாம் எண்ணைத் தேடி ஏன் யாருமே வரவில்லை?

அந்த 'நலம்' அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. மூன்று மாதத்துக்கு முன், நர்ஸுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, ஆறு நாள் உடம்பு அனலாகக் கொதித்தபோதும், பல் தந்தியடித்தபோதும், மாலை ஆறு மணிக்கு ரேடியோவை எடுத்து "ஏழு, நலம்" என்று பொய் சொன்னாள். ஏழாம் நாள் விடியற்காலையில் கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்கினார்கள்.

ஊரில் கணவன் அதிகம் பேசவில்லை. "முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலையேன், வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். மகள்தான் கறாராக இருந்தாள். எட்டு வயதுக்கு அந்தக் கறார் கொஞ்சம் அதிகம். கிளம்பும் அன்று தன் உண்டியல் காசில் வாங்கிய தெர்மாமீட்டரை அம்மா கையில் திணித்தாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டேன். தினம் நான் போன் பண்ணும்போது இதை வச்சுப் பார்த்து நம்பர் சொல்லணும். ஏறிச்சுன்னா உடனே வந்துடணும். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். இந்தத் தடவை அந்தக் குழந்தையிடம் மட்டும் பொய் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

புதுக் கதவில் புதுப் பூட்டு. அவளைத் தூக்கிப்போன அன்றைக்கே மாட்டி, மேலே காகித டேப் ஒட்டி, தேதி எழுதியிருந்தார்கள். டேப் பிரியவில்லை. அவளே அதைக் கிழித்து, காவலாளி கொடுத்த சாவியால் திறந்தாள்.

மூடிக்கிடந்த அறையில் தூசி நாற்றம் வரும் என்று எதிர்பார்த்து மூக்கைச் சுளித்தவளுக்கு, வேறு வாசனை வந்தது. வியர்வையும், நாக்கில் கரைந்த மாத்திரையின் கசப்பும், இரண்டு நாள் மாற்றாத போர்வையின் புளிப்பும் கலந்த காய்ச்சல் வாசனை. எத்தனை நோயாளிகளிடம் முகர்ந்திருப்பாள்! பழைய வாசனைக்கும் புதுசுக்கும் அவளுக்கா வித்தியாசம் தெரியாது? கட்டில் மெத்தையில் ஒரு ஆள் படுத்த பள்ளம். உள்ளங்கையை வைத்தாள். ஈரம். வெதுவெதுப்பு.

கூரை ஒழுகியிருக்கும். தகரக் கூரை, வெயிலில் சூடாகியிருக்கும். இப்படிக் காரணம் தேடிக்கொண்டே பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் திறந்து, போனையும் தெர்மாமீட்டரையும் எடுத்துத் தலையணை பக்கம் போட்டாள். மேஜையில் ரேடியோ சார்ஜரில் பச்சை விளக்கோடு நின்றது. அதன் பேசும் துளைகளில் பனித்தாற்போல் சின்னச் சின்ன நீர்த்துளிகள்.

வெளியே வந்து பக்கத்து அறைத் தண்ணிக்காரரைப் பிடித்தாள். முகாமின் குழாய்களையெல்லாம் பார்த்துக்கொள்பவர். எண் ஆறு. இத்தனை நாளும் ரேடியோவில் ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார்களா என்று கேட்டாள்.

"ஏழுன்னு தினம் பதில் வருதே, கேட்டிருக்கேன். வேற முகாம்ல யாருக்கோ உங்க நம்பரைக் கொடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார் அவர். பிறகு தலையைச் சொறிந்தார். "குரல் உங்க மாதிரியேதான் இருந்துச்சு. கொஞ்சம் கரகரன்னு."

அவள் ஓடிப்போய் ரேடியோவை எடுத்தாள்.

"சார், ஏழு பேசறேன். லீவு முடிஞ்சு இப்பதான் வந்தேன்."

"லீவா? நேத்துகூடப் பேசினீங்களே" என்றார் ரேடியோக்காரர். அவளை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை அவர். "ஒரு நாள்கூடத் தவறலையே நீங்க."

"நான் மூணு மாசம் ஊர்ல இருந்தேன் சார்."

"நல்ல தமாஷ் போங்க! சரி, ஆறு மணிக்குக் கூப்பிடறேன்."

டீசல் மிச்சம் பிடிக்க ஆறு மணிக்குக் கால் மணி முன்பே ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். விளக்கு போனது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மீதமிருந்தது, அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் சாம்பலாகிக்கொண்டே போனது. கட்டிலைப் பார்க்காமல், கதவை ஒட்டி, ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எங்கோ வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம். தன் மூச்சுச் சத்தம். அதற்கு ஒரு இழை பின்னால், இன்னொரு மூச்சு. இல்லை. எதிரொலி. எதிரொலிதான்.

ரேடியோ கரகரத்தது. ஒன்று, நலம். இரண்டு, நலம்.

"ஆறு?"

"ஆறு, நலம்." தண்ணிக்காரர் குரல் ரேடியோவிலும் வந்தது, சுவர் வழியாகவும் வந்தது.

"ஏழு?"

அவள் பொத்தானை அழுத்தவில்லை.

"ஏழு, நலம்."

அவள் குரல். ரேடியோவிலும் வந்தது. கட்டிலிலிருந்தும் வந்தது.

பொத்தானை அழுத்திக் கத்தினாள். "நான் இல்ல! அது நான் இல்ல சார்! நான் நல்லா இல்ல! என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க!"

"யாரது குறுக்கே பேசறது? உங்க நம்பர் என்ன?"

சொல்ல அவளுக்கு வேறு எண் இல்லை.

"எட்டு?" என்றது ரேடியோ. ஒன்பது. பத்து. "கணக்கு சரி. பன்னிரண்டும் உள்ளே. கேட்டைப் பூட்டலாம்." தூரத்தில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.

ஓடு. தாழ்ப்பாளில் கை வைத்தாள். தண்ணிக்காரர் கதவு நாலடி தூரம்.

போன் அடித்தது.

கட்டில்மேல். தலையணை பக்கம். திரையில் மகள் முகம், முன்பல் இல்லாத சிரிப்பு. ஊரில் இந்நேரம் ராத்திரி; எடுக்காவிட்டால் குழந்தை தூங்க மாட்டாள். தாழ்ப்பாளை விட்டாள். ஒரு அடி. இன்னொரு அடி. கை நீட்டினாள்.

அதற்குள் மணி நின்றது.

"அம்மா?" என்றது சின்னக் குரல், போர்வைக்குள்ளிருந்து. "நம்பர் சொல்லு."

குட்டி, அது அம்மா இல்லடி. வாய் திறந்தது. காற்றுகூட வரவில்லை.

இருட்டில் தெர்மாமீட்டர் பீப் என்றது. பீப். பீப்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு" என்றது கட்டிலிலிருந்து அவள் குரல்.

"நிஜமா?"

"நிஜமாடா குட்டி."

"அப்போ நீ வர வேணாம்மா. அங்கேயே இரு. நான் தூங்கப் போறேன்." சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் குழந்தை வைத்துவிட்டது.

திரை அணைவதற்குள் அவள் பார்த்தாள். கட்டில் கிறீச்சிட்டது. மெத்தையில் இருந்த ஈரப் பள்ளம் மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்ந்து, இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டது.