குட்டிச் சாணி

"சாணி சார்! உங்க வாளி வந்தாச்சு!"

வாசல் காவலர் போட்ட கூச்சலில், பள்ளி வேனிலிருந்து இறங்கிய மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி ஒரே சிரிப்பு.

அவர்களோடு இறங்கிய அவள் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். சாணி சார் அவளுடைய அப்பா.

அந்தப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கொசுவை ஆராய்பவர் கொசு அண்ணன். எறும்பை ஆராய்பவர் எறும்பு அக்கா. அப்பா ஆராய்வதோ சாணியை உருட்டும் வண்டுகளை!

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா! இன்னைக்கு மட்டும் அந்தப் பேரு வேணாம்னு!" பல்லைக் கடித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொன்னேன்மா. காவலர் மறந்துட்டார்." அப்பா சிரித்தபடி சாணி வாளியை வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அப்போ நீ குட்டிச் சாணியா?" என்றான் வகுப்பிலேயே பெரிய வாலு.

"வாயை மூடுடா!"

முதலில் பட்டாம்பூச்சி மாமாவின் அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கூடுகள் வரிசையாகத் தொங்கின.

"இதோ, இப்ப வெளிய வந்துடும்," என்றார் மாமா. எதுவும் வரவில்லை.

"செத்துப்போச்சா மாமா?" வாலு கண்ணாடியைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

"தட்டாதீங்க கண்ணுங்களா, கூடு விழுந்துடும்!" மாமா பெட்டியின் குறுக்கே வந்து நின்றார். இன்றைக்கென்றே புதுச் சட்டை போட்டிருந்தார், பாவம்.

இந்தக் கும்பலை இங்கிருந்து கிளப்ப ஒரே வழிதான் இருந்தது. 'எல்லாம் என் தலையெழுத்து!' என்று முனகிவிட்டு, அவள் உரக்கக் கத்தினாள்.

"சாணி வண்டுப் பந்தயம் பார்க்க யாரு வர்றீங்க?"

அறை காலியானது.

முற்றத்து மணலில் பெரிய வட்டம் போட்டாள். நடுவில் அப்பா வண்டுகளை விட்டார். ஒவ்வொன்றும் தலைகீழாக நின்று, பின்னங்காலால் தன் உருண்டையைத் தள்ளிக்கொண்டு நேராக ஓடியது.

"உருட்டுடா செல்லம், உருட்டு!"

"என் வண்டோட உருண்டையை அது பிடுங்குது! திருடன், திருடன்!" வாலு குதித்தான். டீச்சரும் குதித்தார்.

சன்னலில் பட்டாம்பூச்சி மாமா தெரிந்தார். அமைதியான அறையில் ஒரு பட்டாம்பூச்சி கூட்டைவிட்டு மெல்ல வெளியே வந்து, அவர் விரலில் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

வேன் கிளம்பும் நேரம். வாலு அப்பாவிடம் ஓடினான்.

"சாணி மாமா, நானும் உங்க கட்சி. இனிமே என்னைக் குட்டிச் சாணின்னு கூப்பிடுங்க!"

அவளுக்கு வந்ததே கோபம்!

"டேய்! அந்தப் பேரு எனக்கு! நீ வேற பூச்சியைப் பாரு!"