கேக்குக்கு மூன்று டிக்

ஷெர்லின் வீட்டில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்குவார். சாயங்காலம் அவள் திரும்பி வந்தால் அம்மா தூங்குவார். அதனால் அந்த வீட்டில் கதவை மெதுவாகத்தான் சாத்த வேண்டும். டிவியில் எல்லோரும் வாயை மட்டும் அசைப்பார்கள், சத்தம் வராது. தேங்காய் அரைப்பதென்றால்கூட யார் எப்போது எழுந்திருப்பார்கள் என்று பார்த்துத்தான் மிக்சியைப் போட வேண்டும்.

அம்மா அமலாவுக்குக் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். ஓ.டி. என்று கூடுதல் நேரம் பார்க்கச் சொன்னால் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். அப்பா அந்தோணிராஜ் இன்னொரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறார். மத்தியானம் மூணே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குமாக இரவு முழுவதும் அலைந்துவிட்டு, காலை ஏழு மணிக்குத்தான் வருவார்.

மூன்று பேரும் ஒன்றாகக் கண் திறந்திருப்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான். அங்கேயும் பிரசங்கம் ஆரம்பித்தால் அப்பாவின் தலை சாய்ந்துவிடும்.

ஒருவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டாக ஒட்டிவிட்டுப் போவார்கள். "சாம்பார் சுட வைக்கவும்." "கேஸ் புக் பண்ணியாச்சு." "ஷெர்லினுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை." ஒரு முறை அப்பா, "அமலா, நல்லா இருக்கியா?" என்றுகூட எழுதி ஒட்டியிருந்தார். அம்மா அதன் கீழே, "இருக்கேன்" என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த ஃப்ரிட்ஜ் கதவில்தான் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வினை வந்தது.

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலேயே கேக் செய்வார்கள். ஓவன் எல்லாம் கிடையாது. பழைய குக்கரில் விசிலையும் வளையத்தையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைக் கொட்டி, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து மூடினால் போதும். அப்பா முட்டை அடிப்பார். அம்மா மாவு கலப்பார். ஷெர்லின் கரண்டியை நக்குவாள். இந்த ஆறாம் வகுப்பு வயதிலும் அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அம்மா தூக்கக் கலக்கத்தோடு ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார். "கேக் வேலை. மைதா சலிக்கணும். பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன் போடணும். முட்டை ஆறு."

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த ஷெர்லின் அதைப் படித்தாள். மேடையில் ஒரு பாத்திரத்தில் மைதா சலித்து மூடி வைத்திருந்தது. 'பாவம் அம்மா' என்று ஒரு ஸ்பூன் பவுடரைப் போட்டுக் கலந்து வைத்தாள்.

ஏழு மணிக்கு அம்மா வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நின்றபடியே தண்ணீர் குடித்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டதால் இந்த முறை அம்மாவே முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, வெண்ணெய் சேர்த்து, மாவைக் கலந்து குக்கரில் வைத்தார்.

பத்து நிமிடத்தில் கேக் எழும்பியது. இன்னும் எழும்பியது. பாத்திரத்தின் விளிம்பு தாண்டி, மூடியைத் தொட்டு, வழிந்து உப்பில் விழுந்து கருகியது. அடுப்பை அணைத்து மூடியைத் திறந்தபோது நடுவில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது.

அம்மா ஒரு துளி கிள்ளி வாயில் போட்டார். முகம் கோணியது.

"கசக்குதாம்மா?"

"வாயில வைக்க முடியல."

அம்மா அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போதும் ஷெர்லின். இந்த வருஷம் பேக்கரில வாங்கிக்கலாம். இனிமே வூட்ல கேக்கே வேணாம். எனக்கு நிக்கக்கூடத் தெம்பு இல்லடி."

பேக்கரியில் இதைவிட நல்ல கேக் கிடைக்கும், அது ஷெர்லினுக்கும் தெரியும். ஆனால் வருடத்தில் மூன்று பேரும் சேர்ந்து செய்யும் ஒரே வேலை இந்தக் கேக்தான். அதையும் விட்டுவிட்டால் அப்புறம் ஃப்ரிட்ஜ் சீட்டு மட்டும்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து பாண்டிச்செல்வி அக்கா இறங்கி வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். மாடி அறையில் இன்னும் நான்கு பெண்களோடு தங்கி, கம்பெனி வேலைக்குப் போகிறாள். ஒவ்வொரு வருடமும் முதல் தட்டு கேக் அந்த அறைக்குத்தான் போகும்.

"வாசனை மாடி வரைக்கும் வருது! எனக்கு ஒரு துண்டு தாட்டி."

ஷெர்லின் தடுப்பதற்குள் ஒரு துண்டு அக்காவின் வாய்க்குள் போய்விட்டது. அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாக விழுங்கினாள்.

"நல்லாத்தாம்ட்டி இருக்கு... பாத்திரத்தைச் சோப்பு போட்டுட்டு அலச மறந்துட்டியோ?"

அழுதுகொண்டிருக்க வேண்டிய அம்மாவே சிரித்துவிட்டார்.

"பவுடர் கூடிப்போச்சு போல. எத்தன ஸ்பூன் போட்ட?" என்று அக்கா கேட்டாள்.

"ஒன்னுதான்க்கா. ஸ்கூல் விட்டு வந்ததும் நான்தான் போட்டேன்."

"நீ போட்டியா?" அம்மா நிமிர்ந்தார். "நான் காலைலயே போட்டுட்டுதானே போனேன்! மறந்துடக் கூடாதுன்னு எனக்கு நானே எழுதிகினேன்டி அந்தச் சீட்ட!"

அக்கா தலையில் கை வைத்தாள். "எங்க கம்பெனி லைன்ல இப்படி நடக்கவே நடக்காது. கார்டு தொங்காத பீஸை யாரும் தொட மாட்டோம். ஒரு ஆளு முடிச்சு டிக் போட்டாத்தான் அடுத்த ஆளு கை வைக்கணும்."

"எங்க லைன்லயும் அப்படித்தான்" என்றார் அம்மா. "ஒரு நாளைக்கு நூறு கார்டுல டிக் போடுறேன். வூட்ல வந்து கோட்ட வுட்டுட்டேன் பாரு."

மறுநாள் காலை அப்பா வந்ததும் ஷெர்லின் நடந்ததைச் சொன்னாள். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"பவுடரா? அத... நேத்து மத்தியானம் நான்கூட ஒரு ஸ்பூன் போட்டேனே."

"அப்பா!"

"சீட்டுல போட்டுகீதே! உங்கம்மா ஓ.டி. முடிச்சுட்டு அலுத்துப் போய் வருவா, நம்மளால ஆனத செய்வோம்னு பார்த்தேன்."

ஷெர்லின் விரல் விட்டு எண்ணினாள். அம்மா ஒன்று, அப்பா ஒன்று, அவள் ஒன்று. மைதாவும் வெள்ளை, பவுடரும் வெள்ளை. யார் போட்டார்கள் என்று மாவா சொல்லும்? மூன்று பேரும் பாவம் பார்த்துப் பாவம் பார்த்தே கேக்கைக் கெடுத்திருந்தார்கள்.

அன்றைக்குக் கடைசிப் பரீட்சை. எழுதி முடித்து வந்ததும் ஷெர்லின் பழைய காலண்டர் அட்டையை வெட்டினாள். கட்டம் போட்டாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலை, பக்கத்தில் பெயர், அதற்குப் பக்கத்தில் டிக் போடக் காலி இடம். ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கட்டி, பாத்திரத்தின் கைப்பிடியில் தொங்கவிட்டாள்.

அம்மா வந்ததும் அதைக் காட்டினாள். "உனக்கு ஒரு ஸ்பூன் பவுடர் போடுற வேலை மட்டும்தாம்மா. மீதியெல்லாம் நானும் அப்பாவும்."

அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். 'மூன்று பேரும் அடுப்படியில் முழித்துக்கொண்டு இருக்க வேண்டும்' என்று எழுதி, மூன்று டிக்குக்கு இடம் விட்டிருந்தாள் ஷெர்லின்.

"இது இன்னாடி?"

"நாளைக்கு இருபத்தி நாலு. ஓ.டி. இல்லேன்னா நீ மூணு மணிக்கு வந்துருவ. அப்பா மூணே முக்காலுக்குக் கிளம்புவாரு. நடுவுல முக்கா மணி நேரம் இருக்கும்மா. அதுக்குள்ள கேக் வெந்துடும்."

"அந்த நேரத்துலதான்டி எனக்குக் கண்ணே சொருகும்."

"ஒரு நாளைக்கும்மா."

"பார்க்கலாம்" என்றார் அம்மா. அம்மா அப்படிச் சொன்னால் பாதி நாள் நடக்கும், பாதி நாள் நடக்காது.

மறுநாள் ஷெர்லின் எழுந்தபோது கார்டில் முதல் டிக் விழுந்திருந்தது. 'பவுடர், ஒரு ஸ்பூன். அமலா, 4.30.' கம்பெனியில் எழுதுவதுபோலவே நேரமும் போட்டிருந்தார்.

அப்பா ஒன்றரை மணிக்கு எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறு முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்தார். கார்டில் எழுதினார்: 'முட்டை. அந்தோணிராஜ், 2 மணி. கை வலி.'

"கை வலியெல்லாம் கார்டுல எழுதக் கூடாதுப்பா."

"உண்மைய எழுதத்தான் கார்டு."

ஷெர்லின் முந்திரியையும் திராட்சையையும் டூட்டி ஃப்ரூட்டியையும் கொஞ்சம் மைதாவில் புரட்டினாள். அப்படிச் செய்தால் அவை அடியில் போய்த் தங்காது. பாத்திரத்தில் வெண்ணெய் தடவினாள். அவளும் டிக் போட்டாள். மாவையும் முட்டையையும் சேர்ப்பதுதான் பாக்கி. அதை மட்டும் அம்மா வந்த பிறகுதான் செய்ய வேண்டும். சேர்த்துவிட்டால் கேக் யாருக்காகவும் காத்திருக்காது.

இரண்டு ஐந்துக்குப் போன் அடித்தது.

"ஷெர்லின், ஓ.டி. கேக்குறாங்கடி. ரெண்டு பேரு லீவாம். சூப்பர்வைசர் இங்கயே நின்னுகினு கீறாரு."

ஷெர்லினுக்கு 'வாம்மா' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அம்மாவின் குரல் அவளுடையதைவிடக் களைத்திருந்தது. அவளால் கத்த முடியவில்லை.

"சரிம்மா" என்றாள். பிறகு மெதுவாக, "கார்டுல எல்லா டிக்கும் விழுந்துடுச்சும்மா. கடைசி வரி மட்டும்தான் காலியா இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். போன் கட்டாகிவிட்டது.

"வருவாளா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

இருந்தாலும் குக்கரில் உப்பைக் கொட்டி, அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். உப்பு சூடாகிக்கொண்டே இருந்தது. மணி இரண்டரை ஆனது. இரண்டே முக்கால் ஆனது. ஷெர்லின் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

இரண்டு ஐம்பத்தைந்துக்குக் கேட் சத்தம் கேட்டது. அம்மா யூனிஃபார்மோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன். ஒரு வேலை பாதில நிக்குதுன்னேன்" என்றார். "எங்க மாவு?"

மூன்று பேரும் குக்கரைச் சுற்றி நின்றார்கள். அப்பா முட்டையைச் சாய்த்தார், அம்மா மாவைக் கலந்தார், ஷெர்லின் கரண்டியை நக்கினாள். சரியாக மூன்று மணிக்கு அம்மா மூடியை வைத்துத் தீயைக் குறைத்தார்.

பிறகு மூன்று பேரும் அடுப்படிச் சுவரில் சாய்ந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம், நடுவில் ஷெர்லின்.

"இன்னிக்கு இன்னா கிழமை?" என்றார் அம்மா.

"புதன்."

"நீ எளச்சுட்டே அந்தோணி."

"நீ மட்டும் இன்னா..." என்று ஆரம்பித்த அப்பாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

ஷெர்லின் கேக்கைப் பற்றிப் பேசினாள். பரீட்சையைப் பற்றிப் பேசினாள். முதலில் "ம்" வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேருமே தூங்கியிருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. எவ்வளவு யோசித்து எழுதிய கார்டு! முழித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது? எழுப்பிவிடலாம் என்று அப்பாவின் தோளில் கை வைத்தாள். அப்பாவின் விரலில் முட்டை நுரை காய்ந்துபோயிருந்தது. அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒயர் கீறிய இடத்தில் பிளாஸ்திரி. ஷெர்லின் கையை எடுத்துக்கொண்டாள்.

மெதுவாக எழுந்து நடுவிலிருந்து விலகினாள். அவள் விலகியதும் அம்மாவின் தலை சாய்ந்து அப்பாவின் தோளில் தங்கியது. இருவருக்கும் அது தெரியவே இல்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு அவள் அடுப்பை அணைத்து, துணியால் பிடித்து மூடியைத் திறந்தாள். கேக் விளிம்பு வரைக்கும் வந்து, மரியாதையாக அங்கேயே நின்றிருந்தது. சுத்தமான ஈர்க்குச்சியால் நடுவில் குத்திப் பார்த்தாள். ஒட்டாமல் வந்தது. மாடிக்குக் கொடுக்க ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கார்டின் முன்னால் உட்கார்ந்தாள். கடைசி வரியை ஒரு முறை படித்தாள். தூங்குகிற இரண்டு பேரையும் பார்த்தாள். 'முழித்துக்கொண்டு' என்ற சொல்லை மட்டும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள்.

'மூன்று பேரும் அடுப்படியில் இருக்க வேண்டும்.'

அம்மாவுக்கு ஒரு டிக். அப்பாவுக்கு ஒரு டிக். தனக்கு ஒரு டிக்.

அப்பாவை எழுப்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அதுவரை கேக்கும் ஆறட்டும் என்று, ஷெர்லின் சத்தமில்லாமல் போய் அம்மாவின் மறுபக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.