கை மாற்றாமல் வந்தவள்

பிசைந்துகொண்டிருந்த மாவுக்குள் ஒரு எலும்பு முறிந்தது.

மாவுக்குள் ஏது எலும்பு? நர்ஸம்மா கையை நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்று, விரல்கள் பின்னிப் பூட்டி, முழங்கை விறைத்து, மூச்சு நின்றவனின் நெஞ்சை அமுக்குகிற அதே வேகத்தில் மாவை நசுக்க, சமையல் மேடை குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறி, அலமாரி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துச் சிரித்தன. ஈஸ்டின் புளித்த வாசனையோடு வார்டு பினாயிலும் எங்கிருந்தோ வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது.

"மாவு உனக்கு என்னடி துரோகம் பண்ணுச்சு?" கூடத்து சோபாவில் மல்லாந்திருந்த கணவன் கேட்டான். "பக்கத்து வீட்டுல சுவரை இடிக்கிறாங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. காலையில்தான் அவள் வார்டில் படுத்திருந்த ரொட்டிக்கடைக்காரர் செத்துப்போயிருந்தார். வார்டையே திருவிழாக் கூட்டமாய் வைத்திருந்த மனிதர். முறம் முறமாய் இரண்டு கைகள். "இந்தக் கையால மலையையே பிசைஞ்சு ரொட்டி சுட்டிருக்கேன். உனக்கு ஊசி குத்தவே தெம்பில்லையே மகளே!" என்று தினமும் வம்புக்கு இழுப்பார். மூச்சு நின்றதும் அவர் நெஞ்சைத்தான் அவள் அமுக்கினாள். விலா எலும்புகள் சுள்ளியாய் ஒடிந்தன. "போதும், போயிட்டாரு" என்று டாக்டர் சொன்ன பிறகும் அமுக்கினாள்.

அவர்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. அமுக்குகிறவள் தானாகக் கையை எடுக்கக் கூடாது. அடுத்தவள் "மாத்து" என்று சொல்லித் தன் கையை நுழைத்தால்தான் விலகலாம். இன்று யாரும் சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார்கள். அழக்கூட நேரமில்லாமல் அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். கை மட்டும் அந்த நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

மேடையில் மாவு கிழிந்து கூழானது. கைகள் அதை விட்டன. முரட்டு நாய் எஜமானியை இழுப்பதுபோல் அவளைக் கூடத்துக்கு இழுத்தன.

"என்னங்க... எந்திரிங்க. ஓடுங்க."

"ஏன், அடுப்பு பத்திக்கிச்சா?" என்று அவன் சிரித்தான்.

சிரிப்பு முடியுமுன் உள்ளங்கை நெஞ்சில் இறங்கியது.

முதல் விலா.

"அடியே! விடுடி!"

இன்னொன்று. இன்னொன்று. அவன் அறைந்தான். அவள் முடியைக் கொத்தாய்ப் பிய்த்தான். கைகள் நிற்கவில்லை. அவன் வாயிலிருந்து ரத்தம். சூடாக. அவள் முகமெல்லாம்.

"யாராவது மாத்துங்களேன்!" என்று அவள் அலறினாள்.

டம்ளர்கள் அடங்கின. பினாயில் நெடி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"மாத்து மகளே."

முறம்போல் இரண்டு கைகள் அவள் கைகளுக்கடியில் நுழைந்தன. சில்லென்று. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. நகக்கண்ணில் காய்ந்த மாவு.

அவள் கைகள் விலகின. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சோபாவில், அந்தக் கைகள் சாவகாசமாய்ப் பிசையத் தொடங்கின.